ஆறாம் தொட்டியும் ஸ்டோயானின் தலையாட்டலும்

1. முதல் நாள்

வேலைக்குப் போன முதல் நாளே என் தலைதான் எனக்கு எதிரி என்று தெரிந்துகொண்டேன். தலைக்குள் இருப்பதைச் சொல்லவில்லை. கழுத்துக்கு மேல் ஆடுகிற இந்தத் தலையைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்கிற ஊர்ப் பக்கம் ஆற்றோரமாக ஒரு வைன் கிடங்கு இருந்தது. வெளிநாடுகளிலிருந்து டாங்கரில் வரும் வைனைச் சீமெந்துத் தொட்டிகளில் இறக்கி, வடிகட்டி, போத்தலில் அடைத்து, கடைகளுக்கு அனுப்புவார்கள். வரி கட்டாத சரக்கு என்பதால் எல்லாம் கஸ்டம்ஸ் கண்காணிப்பில் இருக்கும். ஒரு வாளி வைன் கொட்டினாலும் கடதாசியில் எழுத வேண்டும்.

அங்கே ஃபோர்மன் டெரி. அறுபதை நெருங்கிய வெள்ளைக்காரர், பெரிய கை, பெரிய குரல். அவர் பேசிய இங்கிலீஷை நம் தமிழில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"திங்கட்கிழமை காலமை ஆறு மணிக்கு வர ஏலுமோ?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். நம் ஆட்கள் ஆட்டுகிற மாதிரி, இடமும் வலமுமாக, மெல்ல. வரலாம், அதற்கென்ன, என்று அர்த்தம்.

டெரியின் முகம் சிவந்துவிட்டது. "ஏலாதெண்டால் இவ்வளவு தூரம் ஏன் மேட் வந்தனீர்?" மேட் என்றால் கூட்டாளி, அவர் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் பிலிப் அண்ணை. மன்னார் ஆள், கத்தோலிக்கர், போத்தல் லைனில் மூன்று வருடமாக வேலை செய்தவர். அவர் பின்னால் நின்று என் முதுகில் ஒன்று போட்டார். "வாயைத் திறந்து யெஸ் எண்டு சொல்லடா சிவா! வெள்ளைக்காரனுக்கு உன்ரை தலை விளங்காது."

சொன்னேன். வேலை கிடைத்தது. அன்றிலிருந்து ஒரு மாதம் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலையை மேலும் கீழும் ஆட்டப் பழகினேன். பூம்பூம் மாட்டுக்குக்கூட அவ்வளவு பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள்.

என் பயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. என்னுடைய அகதிக் கேஸ் அப்போது முடியவில்லை. இருக்கலாம் என்று தற்காலிகமாக ஒரு கடிதம் தந்திருந்தார்கள். லோயர் அந்தக் கடிதத்தை என் கையில் தரும்போது சொன்னார்: "வேலை இடத்திலை ஒரு பிரச்சினையிலும் மாட்டுப்படாதையும். பொலிஸ், கஸ்டம்ஸ் எண்டு ஒரு இடத்திலும் உம்முடைய பெயர் வரப்படாது." அவர் சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பார். நான் அதை இரவும் பகலும் மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஊரில் ஆமி என் வயதுப் பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. திருப்பி அனுப்பினால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போய்ச் சேருவேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு யூனிஃபோர்ம் போட்டவன் எல்லாம் பேய், தபால்காரன் உட்பட.

2. மாவுருட்டு

அந்தக் காலத்தில் லண்டன் கடைகளில் பல்கேரியாவின் சிவப்பு வைன் நன்றாக ஓடியது. பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்த பிரெஞ்சு முந்திரிகை, அதாவது திராட்சை, வகைகள்தான், அங்கே நட்டு வளர்த்தவை. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், வசந்த காலத்தில், ஒரே ஒரு டாங்கர் வேறு வகையில் வருவதாகச் சொன்னார்கள். மவ்ரூட் என்று பெயர். அந்த நாட்டின் தெற்கே ஒரு சில மலையடிவாரங்களில் மட்டும் விளைகிற கறுப்பு முந்திரிகை. பிலிப் அண்ணை பெயரைக் கேட்டதும் "மாவுருட்டு வருதாம், பலகாரம் சுடப் போறாங்கள்" என்றார். லைனில் நின்ற தமிழர்கள் நாலு பேரும் அதன்பிறகு மாவுருட்டு என்றுதான் சொன்னோம்.

டாங்கர் வருவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே ஸ்டோயான் வந்துவிட்டார். அந்த நாட்டின் அரச வைன் நிறுவனம் அனுப்பிய தொழில்நுட்ப ஆள். நாற்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு, ஒரே பழுப்பு நிறக் கோட். கூடவே அவர்களுடைய லண்டன் அலுவலகத்திலிருந்து சாம்பல் சூட் போட்ட ஒருவர் காலையில் காரில் கொண்டுவந்து விடுவார், மாலையில் வந்து ஏற்றிக்கொண்டு போவார். ஸ்டோயானின் பாஸ்போர்ட் அந்தச் சாம்பல் சூட்டிடம்தான் இருந்தது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருநாள் கஸ்டம்ஸ் ஆள் கேட்டபோது ஸ்டோயான் தன் வெறும் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனாலோ என்னவோ மத்தியானத்தில் என்னோடுதான் வந்து இருப்பார். நான் கொண்டுபோகும் இடியப்பத்தை அவர் நூல் நூலாகப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். "நல்லா இருக்கோ?" என்று கேட்டேன். இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினார்.

எனக்கு ஒரே சந்தோசம். "அண்ணை, இந்த ஆள் எங்கடை ஆள் மாதிரியே தலையாட்டுது!" என்று பிலிப் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அன்று முதல் ஸ்டோயானோடு இருக்கும் நேரத்தில் மட்டும் நான் என் சொந்தத் தலையை ஆட்டினேன். கழுத்துக்கு ஓய்வு கிடைத்த மாதிரி இருந்தது.

ஒருநாள் மவ்ரூட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் ஒரு சின்னப் போத்தலில் மாதிரி வைத்திருந்தார். ஒரு மூடி அளவு ஊற்றித் தந்தார். கறுப்பு. நாக்கில் வைத்ததும் நாவற்பழம் தின்றது போல வாய் முழுக்க இழுத்துப் பிடித்தது. நாக்கை நீட்டிக் காட்டினேன். அவர் சிரித்தார். பிறகு கையாலும் சொல்லாலும் விளக்கினார்: "சின்னப் பழம். தடிச்ச தோல். மற்றது எல்லாம் பிடுங்கி முடிஞ்சுது. மவ்ரூட் மட்டும் நிக்குது. மழை வரும், பயம். பனி வரும், பயம். கடைசி மட்டும் எல்லாருக்கும் பயம்."

"நீங்களும் பயமோ?" என்று கேட்டேன்.

அவர் வாசலைப் பார்த்தார். சாம்பல் சூட்டின் கார் வரும் நேரம்.

நானும் என் பயத்தைச் சொன்னேன். கடிதம், லோயர், ஊர். இரண்டு கையையும் பின்னால் கட்டி, விரலால் துப்பாக்கி காட்டி. அவருக்கு நன்றாக விளங்கியது. என் தோளில் கையை வைத்து அழுத்தினார். அந்த அழுத்தத்தை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

3. வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு முன்

டாங்கர் வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு வந்தது. கிடங்கின் யார்ட் வாசலை நாலு மணிக்குப் பூட்டுவார்கள். டிரைவர் இறங்கியதுமே மணிக்கூட்டைக் காட்டிக் கத்தத் தொடங்கிவிட்டான்.

மவ்ரூட் இறங்க வேண்டியது ஆறாம் தொட்டியில். அது பழைய சீமெந்துத் தொட்டி, இரண்டு ஆள் உயரம். உள்ளே பார்க்கக் கண்ணாடிக் குழாய் கிடையாது. ஏணியில் ஏறி, மேல் மூடியைத் திறந்து, விளக்குப் பிடித்துத்தான் பார்க்கலாம். தொட்டி கழுவுவது மூன்று படி: கோஸ்டிக் சோடா போட்டுக் கறையை ஊறவிடுவது, தண்ணீரால் அலசுவது, பிறகு சிட்ரிக் அமிலம். ஒவ்வொரு படிக்கும் தொட்டியில் தொங்கும் அட்டையில் சரி போட வேண்டும். அன்று ஆறாம் தொட்டி அட்டையில் சோடாவுக்குச் சரி இருந்தது. மற்ற இரண்டு கட்டமும் வெறுமை.

வெறுமையாக இருந்தால் கழுவவில்லை என்றுதானே அர்த்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் கிடங்கில் அப்படி இல்லை. காலை ஷிப்ட்காரர்கள் கழுவிவிட்டு, சரி போட மறந்துவிட்டு, வீட்டுக்குப் போவது வழக்கம். டெரி கத்துவார், ஒரு கிழமை ஒழுங்காக இருக்கும், பிறகு பழையபடிதான்.

அன்று பம்ப் போடுகிற பொறுப்பு என்னுடையது. நிமிர்ந்து பார்த்தேன். ஸ்டோயான் தொட்டியின் மேலே நின்றார். கையில் விளக்கு, மற்றக் கையில் ஏதோ சின்னக் கடதாசித் துண்டு. பக்கத்தில் போத்தல் லைன் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. டிரைவர் ஹோஸைப் பூட்டிவிட்டு என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான். நான் பம்ப் சுவிட்சைத் தொட்டுக் காட்டி, மேலே ஸ்டோயானைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினேன். போடட்டோ?

ஸ்டோயான் தலையை மேலும் கீழும் இரண்டு தரம் ஆட்டினார். அழுத்தமாக.

அதே நேரம் வாசலில் கார் ஹோர்ன் கேட்டது. சாம்பல் சூட். ஸ்டோயான் மற்றப் பக்க ஏணியால் இறங்கிப் போய்விட்டார். நான் சுவிட்சைப் போட்டேன். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டாங்கர் காலியாகி, யார்டை விட்டு வெளியே போனது. நான் ஏணியில் ஏறிப் பார்க்கவில்லை. ஏறிப் பார்க்க ஐந்து நிமிடம் கூட எடுத்திருக்காது.

4. சனியும் ஞாயிறும்

சனிக்கிழமை மத்தியானம் பிலிப் அண்ணை வீட்டுக்குப் போனேன். அவரும் பார்க்கிங்கில்தான் இருந்தார், நடந்து போகிற தூரம். தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கும்போது அவர் தானாகவே சிரிக்கத் தொடங்கினார்.

"உன்ரை பல்கேரியாக்காரன் என்னை நல்லா ஏமாத்திப் போட்டான் தெரியுமோ? போன ஞாயிறு பூசைக்கு வாறியோ எண்டு கேட்டனான். மண்டையை மேலையும் கீழையும் ஆட்டினவன். நான் கோயில் வாசல்லை அரை மணித்தியாலம் குளிருக்கை நிண்டனான், மனிசி பேச்சுப் பேச்சு. ஆள் வரேல்லை. நேற்றுக் காலமை பிடிச்சுக் கேட்டால், 'நான் நோ எண்டுதானே சொன்னனான்' எண்டுறான்! அவங்கடை ஊரிலை மேலை கீழை ஆட்டினால் இல்லை. அங்காலை இங்காலை ஆட்டினால் ஓம். பாரன் கூத்தை!"

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நான் கையிலிருந்த கோப்பையைச் சாய்த்துத் தேத்தண்ணியைக் காற்சட்டையில் ஊற்றிக்கொண்டேன். சுட்டதுகூடத் தெரியவில்லை.

ஓம் என்பதற்கு அவர் ஆட்டியது எங்கள் ஆட்டல் மாதிரியே இருந்தது. ஆகவே மேலும் கீழும் ஆட்டினாலும் எங்களைப் போலவே ஓம்தான் என்று நான் பாட்டுக்கு முடிவு கட்டிவிட்டேன். பாதி தெரிந்தவன் முழுதும் தெரிந்தவன் போல நடந்தால் வருகிற கேடு இதுதான்.

"என்னடாப்பா, முகம் வெளுத்துப்போச்சு?" என்றார் அண்ணை.

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. "காலமை ஷிப்ட் ஒருவேளை கழுவியிருப்பாங்கள். நீ வீணாப் பயப்பிடாதை" என்றார். ஆனால் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட லாப்பில் உதவியாளராக இருந்தவன். கோஸ்டிக் சோடா என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை ஒரு துளி என் புறங்கையில் பட்டு வெந்த தழும்பு இன்றும் இருக்கிறது. அது ஒருவருடைய தொண்டையில் இறங்கினால்? திங்கட்கிழமை காலையில் போத்தல் லைன் ஓடத் தொடங்கும். அதற்கு முன் டெரி தொட்டியிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து ருசி பார்ப்பார். எங்கள் கிடங்கில் அதுதான் கடைசிப் பரிசோதனை. ஆகவே முதலில் வேகப்போவது டெரியின் வாய். பிறகு லண்டன் முழுக்க எத்தனை வாய்?

டெரியின் வீட்டு ஃபோன் நம்பர் என் டயரியில் இருந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஃபோன் பெட்டிக்கு மூன்று தரம் போனேன். முதல் தரம் நம்பரைச் சுற்றவே இல்லை. இரண்டாம் தரம் மணி அடித்தது, உடனே வைத்துவிட்டேன். மூன்றாம் தரம் டெரியின் மனைவி எடுத்தார். "ஹலோ, ஹலோ" என்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வைத்துவிட்டேன். சொன்னால் என் பெயர் கஸ்டம்ஸ் கடதாசியில் ஏறும். ஏறினால் கேஸ் போகும். கேஸ் போனால் விமானம். இதற்கு மேல் என் மூளை ஓடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேறு ஆட்களின் தொண்டையை விட என் கழுத்துத்தான் எனக்கு அந்த இரண்டு நாளும் பெரிதாக இருந்தது.

5. திங்கட்கிழமை

ஆறு மணிக்கு வேலை. நான் ஐந்தரைக்கே வாசலில் நின்றேன். காவலாளி திறந்ததும் ஓடிப்போய் ஆறாம் தொட்டி ஏணியில் ஏறினேன். மூடியின் பக்கத்தில், சீமெந்தில் ஒட்டிக்கொண்டு, அந்தக் கடதாசித் துண்டு கிடந்தது. லிட்மஸ் தாள். ஒரு முனை சிவப்பு, நனைந்த முனை நல்ல நீலம்.

சோடா இருந்தது. ஸ்டோயான் விளக்குப் பிடித்துப் பார்த்திருக்கிறார், தாளை நனைத்துச் சோதித்திருக்கிறார், எனக்கு இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நான்தான் போட்டேன். தாளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அந்த நேரம் யோசிக்கவில்லை.

கொஞ்ச வைன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று இறங்கினால், கீழே வால்வுக்குப் பக்கத்தில் டெரி நிற்கிறார். வழக்கத்தை விட முன்னதாக வந்துவிட்டார், மாவுருட்டைப் பார்க்கிற ஆசையில். கையில் கிளாஸ். கிடங்கின் மஞ்சள் விளக்கில் எந்த வைனும் கறுப்பாகத்தான் தெரியும். கிளாஸ் மூக்கைத் தாண்டி உதட்டுக்குப் போனது.

"டோன்ட்!" என்று கத்தினேன். அவ்வளவு பெரிய சத்தம் என் உடம்பிலிருந்து வரும் என்று எனக்கே தெரியாது. ஏணியின் கடைசி மூன்று படியையும் மிதிக்காமல் விழுந்து, எழும்பி, அவர் கையிலிருந்த கிளாஸைத் தட்டிவிட்டேன்.

டெரி ஒரு கணம் என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "உனக்கென்ன விசரே?"

"சோடா" என்றேன். "உள்ளுக்குச் சோடா இருக்கு, டெரி. நான் பம்பைப் போட்டிட்டன்."

அவர் இன்னொரு கிளாஸ் எடுத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார். ஊரில் லாப்பில் செவ்வரத்தம் பூச்சாற்றில் சோடா விட்டால் சிவப்பு மாறிப் பச்சையாகும், பிள்ளைகள் கை தட்டுவார்கள். அதே நிறம். மலையடிவாரத்தில் மழைக்கும் பனிக்கும் பயந்து பயந்து காத்துப் பிடுங்கிய பழம், அந்த வருடம் இங்கிலாந்துக்கு வந்த ஒரே டாங்கர், பச்சையும் கறுப்புமாக அழுக்குத் தண்ணியாக நின்றது.

டெரி கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். "இதை நான் குடிக்கப் போனனான்" என்றார். பிறகு லைனை நிற்பாட்டச் சொல்லி, கஸ்டம்ஸுக்கு ஃபோன் எடுக்கப் போனார்.

6. விசாரணை

விசாரணை மத்தியானம். டெரியின் சின்ன அறையில் நாங்கள் ஐந்து பேர். டெரி மேசையில், முன்னால் ஃபோர்ம். ஜன்னலோரம் கஸ்டம்ஸ் அதிகாரி, யூனிஃபோர்மோடு. சாம்பல் சூட் கதவோரம். நானும் ஸ்டோயானும் நடுவில் நின்றோம். யூனிஃபோர்மின் பொத்தான்களைத் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை.

டெரி என்னைக் கேட்டார். நான் சொன்னேன்: அட்டை வெறுமை, கேட்டேன், தலையாட்டினார், போட்டேன். அவர் ஸ்டோயான் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "பம்பைப் போடச் சொல்லி நீர் சிவாவுக்குச் சொன்னீரோ?"

ஸ்டோயான் என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். இடமும் வலமுமாக, மெல்ல, கண்ணை மூடிக்கொண்டு.

டெரி ஃபோர்மில் 'நோ' என்று எழுதினார்.

அந்த அறையில் மூன்று பேருக்கு அந்தத் தலையாட்டல் விளங்கியது. ஸ்டோயானுக்கு. சாம்பல் சூட்டுக்கு. எனக்கு. ஸ்டோயான் சொன்னது ஓம். "நான்தான் சொன்னேன், பிழை என்னுடையது" என்கிறார். பொய். அவர் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்கிறார், எனக்காக. சாம்பல் சூட்டின் முகம் ஒருகணம் இறுகியது. பிறகு வெள்ளைக்காரன் பிழையாக எழுதுவதைப் பார்த்ததும் இளகியது. தங்கள் பக்கம் குற்றம் இல்லை என்று பதிவாகிறது, அவர் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்? நான் சும்மா நின்றிருந்தால் அது அப்படியே முடிந்திருக்கும். உண்மையும் அதுதான். ஸ்டோயான் சொல்லவில்லை. நான்தான் பிழை.

அப்போது கஸ்டம்ஸ் அதிகாரி பேனாவைத் திறந்து, "உம்முடைய முழுப் பெயர் என்ன? எழுத்துக்கூட்டிச் சொல்லும்" என்று என்னைக் கேட்டார்.

என் வாய் தானாகத் திறந்தது. "சேர், அது நோ இல்லை. அவையின்ரை நாட்டிலை அப்பிடி ஆட்டினால் யெஸ். அவர் யெஸ் எண்டுதான் சொல்லுறார்."

டெரி நிமிர்ந்தார். "அப்பிடியோ? வாயாலை சொல்லும் மேட். யெஸ்ஸோ, நோவோ?"

"யெஸ்" என்றார் ஸ்டோயான்.

டெரி 'நோ'வை வெட்டினார். மேலே 'யெஸ்' என்று எழுதினார். கஸ்டம்ஸ் அதிகாரி பேனாவை மூடினார். சாம்பல் சூட் ஸ்டோயானைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க நிலத்தைப் பார்த்தேன். லிட்மஸ் தாள் என் பைக்குள்தான் இருந்தது. என் விரல் அதைத் தொட்டுக்கொண்டும் இருந்தது. எடுத்து மேசையில் வைத்திருந்தால் ஸ்டோயான் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். நான் எடுக்கவில்லை.

7. கேற்றடியில்

அன்று பின்னேரம் கஸ்டம்ஸ் அதிகாரிக்கு முன்னால் ஆறாம் தொட்டியைக் கழிவு டாங்கரில் இறக்கினோம். வால்வைத் திறந்தது நான்தான். முடிந்ததும் டெரி என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நின்றேன். "நீ வாய் திறந்து கத்தினபடியால் என்ரை தொண்டை தப்பிச்சுது" என்று சொல்லிக் கையைக் குலுக்கினார். பிறகு ஒன்று சொன்னார். "கஸ்டம்ஸ்காரன் உன்ரை பெயரைக் கேட்டது சாட்சிக் கட்டத்திலை போட. ஃபோர்மிலை அறையிலை நிண்ட அஞ்சு பேற்றை பெயரும் வேணும். என்ரை பெயரும் கிடக்கு. நீ ஏன் பேயைக் கண்ட மாதிரி நிண்டனி?"

சாட்சி. அவ்வளவுதான்.

கேற்றுக்கு ஓடினேன். கார் நின்றது. சாம்பல் சூட் உள்ளே காவலாளியிடம் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்டோயான் காருக்கு வெளியே, பழுப்புக் கோட்டின் பொத்தான்களைப் பூட்டியபடி நின்றார். அடுத்த நாள் விமானமாம்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் தன் நெஞ்சைத் தொட்டார். "நான் திரும்பிப் போறன். வீடு." பிறகு என் நெஞ்சைத் தொட்டார். விரலால் துப்பாக்கி காட்டினார், நான் முன்பு காட்டின மாதிரியே. "நீ திரும்பிப் போறாய்." முடிக்கவில்லை. கையை விரித்தார்.

மன்னிப்புக் கேட்க அப்போது எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. வந்தது ஒரே ஒரு கேள்வி. "உங்களுக்கு அங்கை பிரச்சினை வருமோ?"

அவர் சிரித்தார். தலையை மேலும் கீழும் இரண்டு தரம் ஆட்டினார். சாம்பல் சூட் வந்தார், கார் போனது.

8. தொழில் கற்கிறவர்களுக்கு

என் கேஸ் பிறகு ஒருவழியாக முடிந்து, இருக்கலாம் என்று நிரந்தரமாகவே கடிதம் வந்தது. நான் அதே கிடங்கில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தேன். டெரி ஓய்வு பெற்றபின் அவருடைய மேசையும் எனக்கு வந்தது. மேசை வந்த முதல் கிழமையே இரண்டு விதி போட்டேன். அட்டை வெறுமையாக இருந்தால் தொட்டி கழுவப்படவில்லை என்றே அர்த்தம். பம்ப் போடுகிறவன் தானே ஏணியில் ஏறித் தன் கண்ணால் பார்க்க வேண்டும். யாரும் தலையாட்டினால் நான் கேட்பேன், "வாயாலை சொல்லு. ஓமோ, இல்லையோ?" என்று. பின்னால் பெடியன்கள் என்னை 'வாயாலை' என்று பட்டம் வைத்துக் கூப்பிட்டது எனக்குத் தெரியும். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

தொண்ணூறுகளில் அந்த நாட்டில் ஆட்சி மாறி, அரச நிறுவனங்கள் உடைந்தன. மவ்ரூட் மறுபடியும் வந்தது, இந்த முறை போத்தலில், வேறு வேறு பெயர்களில். கொண்டுவந்து காட்டின ஒவ்வொருவரிடமும் ஸ்டோயானைப் பற்றி விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. லிட்மஸ் தாளை ஒரு பழைய டயரிக்குள் வைத்திருக்கிறேன். நீலம் வெளுத்துவிட்டது, இப்போது அதில் ஒன்றையும் நிரூபிக்க முடியாது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறந்தேன், கெட்டது நானல்ல. பயந்தவன் கையில் தொட்டியையும் கொடுக்கக் கூடாது, சாட்சியையும் கொடுக்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கேற்றடியில் அவர் ஆட்டிய தலை இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. மேலும் கீழும், இரண்டு தரம். அவருடைய ஊர்ப்படி ஆட்டியிருந்தால், பிரச்சினை இல்லை என்று அர்த்தம். இரண்டு வாரம் எங்களோடு இருந்து இங்கிலீஷ்காரரின் ஆட்டலைப் பழகியிருந்தால், பிரச்சினை வரும் என்று அர்த்தம். ஓமோ, இல்லையோ, வாயால் சொல்லுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கார் கிளம்ப முன் அதற்கு நேரம் இருந்தது. பதிலுக்குப் பயந்து நான் கேட்கவில்லை.